ஏழு கேள்விக்குறி!

'முருகன்' என்ற பேருல எத்தனை எழுத்து? நாலுதானே! கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்க... ஏழுன்னு அடிச்சுச் சொல்லும். ம தனி, உகரம் தனி, ன தனி, மேல இருக்கிற புள்ளிகூட தனி. போன ஆடிக் கிருத்திகை வரைக்கும் இந்தக் கணக்கு எனக்கும் தெரியாது.

திருத்தணியில ஒரு குட்டி ஆபீஸ்ல எனக்கு இன்டர்ன்ஷிப். ஒரு சத்திரத்துக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் செய்யணும். அவங்ககிட்ட இருந்த பழசு இங்கிலீஷ் மட்டும்தான் பேசும். நாங்க லாராவெல்ல புதுசா எழுதி, "தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் பேர் அடிக்கலாம் சார்"னு கெத்தா சொல்லிட்டோம். இந்த ஊருக்கு அது ஆடம்பரம் இல்லை. 1960 ஏப்ரல் 1 அன்னிக்குத்தான் திருத்தணி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அதுவரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போராடினது பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. இன்னிக்கும் டீக்கடையில பாதிப் பேச்சு தெலுங்குதான்.

லாராவெல் எந்த டேட்டாபேஸ்கிட்டயும் நேரா பேசாது. நடுவுல டிரைவர்னு ஒருத்தர். மை எஸ்.க்யூ.எல்.லுக்கு ஒருத்தர், எஸ்.க்யூ.லைட்டுக்கு இன்னொருத்தர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஆப்ஷன். எஸ்.க்யூ.லைட் பரம சாது, யூசர்நேம், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. ஃபைல் எங்கேன்னு சொன்னா போதும். மை எஸ்.க்யூ.எல். டிரைவருக்கு அதெல்லாம் போக, சார்செட், கொலேஷன், 'ஸ்ட்ரிக்ட்'னு ஒரு பட்டியலே உண்டு.

கிருத்திகை அன்னிக்குக் காலையில முதல் தமிழ்ப் பேர் வந்ததும் திரை முழுக்க எர்ரர். டெஸ்ட் பண்ணும்போது 'அஆஇ' அடிச்சுப் பாத்திருக்கணும். நான் அடிச்சது இங்கிலீஷ்ல 'டெஸ்ட் டெஸ்ட்'! வெளியே காவடிச் சத்தம், உள்ளே மேனேஜர் சத்தம். எங்கேயோ படிச்ச ஞாபகத்துல 'ஸ்ட்ரிக்ட்'டை ஃபால்ஸ் ஆக்கினேன். எர்ரர் போயே போச்சு. ஜாலியா இட்லி சாப்பிடப் போயிட்டேன்.

சாயங்காலம் ஆந்திராவுல இருந்து வந்த பாட்டி ஒருத்தங்க ரசீதை நீட்டினாங்க. "இதி நா பேரா?" பேர் இருக்க வேண்டிய இடத்துல வரிசையா கேள்விக்குறி. பதில் சொல்ல வாய் வரல.

விஷயம் இதுதான். டேபிளைப் பழைய சாஃப்ட்வேர்லேர்ந்து அப்படியே தூக்கிட்டு வந்திருந்தோம். அதோட சார்செட் லேட்டின்-1. அதுல தமிழுக்கும் இடமில்லை, தெலுங்குக்கும் இடமில்லை. ஸ்ட்ரிக்ட் இருந்தவரை டேட்டாபேஸ் "முடியாது"ன்னு நேர்மையா சண்டை போட்டுச்சு. நான் வாயை அடைச்சதும், புரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுட்டு சைலன்ட்டா இருந்துடுச்சு. முருகனுக்கு ஏழு. அசல் பேர் திரும்ப வராது பாஸ், உள்ளே சேமிச்சதே கேள்விக்குறிதான்.

டேபிளை யு.டி.எஃப்.8 எம்.பி.4-க்கு மாத்தி, ஸ்ட்ரிக்டைத் திரும்ப ட்ரூ ஆக்கினேன். அப்புறம் வேணும்னே ஒரு தப்பான தேதியைக் கொடுத்துப் பார்த்தேன். சமத்தா உள்ளே போயிடுச்சு! ஸ்ட்ரிக்ட் வேலையே செய்யல. அரை மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்ட பிறகுதான் தெரிஞ்சது, சர்வர்ல கான்ஃபிக் கேஷ் ஆகியிருக்கு. ஃபைல்ல என்ன மாத்தினாலும் லாராவெல் பழைய கேஷைத்தான் படிக்கும். கேஷை க்ளியர் பண்ணினேன், சரியாச்சு.

மொத்தம் 43 பேர். நல்லவேளை, போன் நம்பர் வெறும் எண்கள்ங்கறதால தப்பிச்சது. ராத்திரி பத்து மணி வரைக்கும் மேனேஜரும் நானும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டோம். தெலுங்கு அவர் பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு. "தம்பி, பேரைத் தொலைச்சுட்டோம்னு எப்படிப்பா சொல்றது?"ன்னு கேட்டார். "கம்ப்யூட்டர் ரிப்பேர்"னு சொல்லச் சொன்னேன். பொய்தான்.

42 பேர் கிடைச்சுட்டாங்க. பாட்டிக்கு மேனேஜர் தன் கையாலயே தெலுங்குல பேர் எழுதிக் கொடுத்தார். ஒரு நம்பர் மட்டும் ஸ்விட்ச் ஆஃப். அந்த வரியில இன்னும் ஆறு கேள்விக்குறி அப்படியே நிக்குது.