ஆறப் பொறுத்த அலுமாரி

மாடு வாங்குவதென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுகிறோம். ஆனால், அந்தப் பெண்ணோடு புக்ககம் போகும் அலுமாரியை வாங்கும்போது மட்டும் மேலே பூசிய மினுக்கத்தைக் கண்டு மயங்கிக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இப்படி மயங்கியவர்களுள் நாமும் ஒருவர். அதனால் அடைந்த தலைகுனிவையும், அதன் பின்னர் நல்ல மரம் தேடித் திருகோணமலைத் துறைமுகப் பக்கமெல்லாம் அலைந்த கதையையும் வாசக அன்பர்களிடம் ஒளியாமல் சொல்லிவிடுவதே முறை என்று இதனை எழுதுகிறோம்.

மரத்துக்குப் பெயர்போன ஊர் எமது ஊர். அதன் பெயரே ஒரு மரத்துக்குப் பெயராகியிருக்கிறது. நாம் சாவண்டலை என்றும் சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் வழங்கும் மரத்தை ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தனர். துறைமுகம் அமையாதிருந்த காலத்தில் சென்னைக் கரையின் பேரலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கப்பலுக்கு ஏற்றிச்சென்ற மசுலாப் படகுகளுக்கு அந்த மரம் பயன்பட்டது. மறுபுறத்தில், எமது ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817ஆம் ஆண்டு பம்பாயிலே மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டது. அக்கப்பல் பழுதுபார்க்கப்பட்டு, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு ஆண்டுகள் மிதக்கின்ற மரமும் உலகில் உண்டு. நாம் வாங்கிய அலுமாரியோ ஒரு மாரியைத் தாங்கவில்லை!

நடந்தது இதுதான். மூத்த மகளுக்கு மட்டக்களப்பில் சம்பந்தம் கூடிற்று. முகூர்த்தத்துக்கு ஆறே வாரங்கள். கட்டிலும் அலுமாரியும் தேக்கில் கொடுப்பதாக வாக்களித்துவிட்டோம். எமது வீட்டுக்கு நெடுங்காலமாக வேலை செய்யும் ஓடாவியாரை அழைத்தபோது, "ஆறு வாரத்தில் அலுமாரி செய்யலாம் ஐயா, ஆனால் ஆறு வாரத்தில் மரம் காயாதே" என்றார். எமக்கு அது சோம்பேறிப் பேச்சாகத் தோன்றியது. ஒரு கடையில் ஆயத்தமாக இருந்த அலுமாரியை, கரும்பொன் நிறமும் கண்ணாடிப் பளபளப்பும் கண்டு, வாங்கி அனுப்பிவிட்டோம். கலியாணம் சிறப்பாக நடந்தது. அலுமாரியைப் புகழாதவர் இல்லை.

மறு தைப்பொங்கலுக்கு மகளைப் பார்க்கச் சென்றோம். அறைக்குள் எட்டிப் பார்த்தால், அலுமாரியின் இடப்பக்கக் கதவு மூட மறுத்தது. நடுவில் மடித்த மட்டை ஒன்றைச் செருகி நிறுத்தியிருந்தாள். பக்கப் பலகையில் விரல் நுழையுமளவு வெடிப்பு. கீழ்த்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த கூறைச் சேலையின் மேல் மஞ்சள் மா தூவியதுபோல் உளுத் தூள் படிந்திருந்தது. "மழை விட்டால் சரியாகிவிடும் அப்பா" என்றாள் மகள். ஒரு வருடமாக எமக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. சம்பந்தியம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் எமக்குப் பொங்கலைப் பரிமாறினார். அவர் ஏசியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மருமகன் கழற்றித் தந்த பலகையொன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். ஓடாவியார் அதைத் திண்ணையில் வைத்து உளியின் நுனியால் இலேசாகச் சுரண்டினார். கரும்பொன் நிறம் உரிந்து உள்ளே வெளிறிய மரம் தெரிந்தது. "ஐயா, இது தேக்குத்தான், பொய்யில்லை. ஆனால் வைரம் இல்லை, வெள்ளை. சாயம் பூசி வைரமாக்கியிருக்கிறார்கள்" என்றார்.

இவ்விடத்தில் அவரிடம் கற்ற பாடத்தைச் சொல்லவேண்டும். மரத்தின் நடுவே இருப்பது வைரம். பட்டைக்கு அடுத்திருப்பது வெள்ளை. மரம் உயிரோடு இருக்கையில் நீரை ஏற்றுவதும் மாச்சத்தைச் சேர்த்து வைப்பதும் வெள்ளையே. ஆகையால் உளுப் பூச்சிக்கு அது விருந்து. தேக்கின் வைரத்தைக் கறையானும் எளிதில் தீண்டாது; அதன் வெள்ளைக்கு அந்தப் பெருமை இல்லை. அடுத்தது ஈரம். பச்சை மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் வளைய ரேகை ஓடும் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே, காயுமுன் சட்டத்தில் இறுக்கிய பலகை ஒன்று கோணும், அல்லது வெடிக்கும். "மரம் காய்வதை எவராலும் தடுக்க முடியாது ஐயா. மரக்காலையில் காயவேண்டும், இல்லாவிட்டால் உங்கள் மகள் வீட்டில் காயும்" என்றார் ஓடாவியார். எமது மகள் வீட்டில்தான் அது காய்ந்தது.

புதிதாக ஒன்று செய்து கொடுப்பதென்று தீர்மானித்தோம். அதற்கு முதலில் நம்பத்தகுந்த மரவியாபாரி வேண்டும். விசாரித்தவர்களெல்லாம் தத்தம் மைத்துனர் கடையையே சிபாரிசு செய்தார்கள். சிலர், "மொறட்டுவையில் இல்லாத தளபாடமா?" என்றார்கள். இன்னும் சிலர், "இந்தக் காலத்தில் மரம் எதற்கு? அமுக்கிய தூள்ப்பலகை போதும்" என்றார்கள்.

இதற்கிடையில், கனடாவில் இருக்கும் எமது தமையனார் மகனுக்கும் இந்தத் துயரத்தை எழுதினோம். அவன் ஓய்வு நேரத்தில் தச்சுவேலை பழகுபவன். அவன் பதிலில் ஒரு புதினம் இருந்தது. அந்நாட்டில் தளபாடத்துக்குப் பெயர்பெற்றது செரி மரமாம்! கேக்கின் மேல் வைக்கும் சிவப்புப் பழத்தைத் தவிர செரியைப் பற்றி வேறொன்றும் அறியாத நாம் வியந்துபோனோம். அறுத்த புதிதில் இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் பலகை, வெளிச்சம் படப்படச் செந்தவிட்டு நிறமாகி ஆண்டுதோறும் அழகு கூடுமாம். ஆனால் அங்கும் கதை இதே கதைதான். வெள்ளை கலந்த பலகையை நல்ல விலைக்குத் தள்ளிவிடும் வியாபாரியும் உண்டு. ஒவ்வொரு பலகையையும் புரட்டிக் காட்டும் வியாபாரியும் உண்டு. சூளையில் உலர்த்தி, நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு ஈரம் மட்டும் உள்ள பலகையையே அங்கு உள்வீட்டுத் தளபாடத்துக்கு எடுப்பார்களாம். "சித்தப்பா, கருவி இல்லாவிட்டாலும் தராசு இருக்கிறதே! ஒரு துண்டை மாதந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தது" என்று முடித்திருந்தான்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஓடாவியார் வழிகாட்ட, உள்துறைமுக வீதிக்குச் சமீபமான ஓர் ஒழுங்கையில் உள்ள மரக்காலைக்குச் சென்றோம். வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. உள்ளே தகரக் கொட்டகையின் நிழலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பலகைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஓர் அங்குலச் சட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில். பலகைகளின் நுனிகளில் மட்டும் வர்ணம் பூசியிருந்தது. நுனிவழியே ஈரம் விரைந்து வெளியேறினால் பலகை பிளக்கும் என்பதற்காக. ஒவ்வோர் அடுக்கிலும் சுண்ணக்கட்டியால் ஒரு தேதி எழுதியிருந்தது.

எழுபதைக் கடந்த ஹாஜியார் ஒருவர் எழுந்து வந்தார். நாம் தேக்கு வேண்டும் என்றோம். தேதிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, "தருவதற்கு மரம் இல்லையே, மாஸ்டர்" என்றார்.

கொட்டகை நிறைய மரம்! நாம் திகைத்தோம்.

"இதெல்லாம் மரக் கூட்டுத்தாபனத்தின் ஏலத்தில் எடுத்தது. ரசீது இருக்கிறது, பாருங்கள். ஆனால் அறுத்து மூன்று மாதம்தான். இப்போது தந்தால் நீங்கள் ஓடாவியாரை ஏசுவீர்கள், ஓடாவியார் என்னை ஏசுவார். எங்கள் வாப்பா சொல்வார், ஓர் அங்குலப் பலகை என்றால் ஒரு வாடையையும் ஒரு கச்சானையும் பார்த்திருக்கவேண்டும் என்று."

கீழ்க்கரை வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை, ஏனையோருக்காகச் சொல்கிறோம். ஐப்பசி தொடங்கி மழையோடு வருவது வாடை. வைகாசிக்குப் பின் நிலத்தின் மேலாக அனலாய் வீசுவது கச்சான். மெல்ல நனைந்த காற்றிலும் வறண்ட காற்றிலும் ஒரு சுற்று இருந்த பலகை, அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பெரிதாக அசையாது. ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்று தச்சர் உலகில் வழங்கும் கணக்கும் இதுவே. நாம் தமையனார் மகனின் கடிதத்தை எடுத்துத் தராசுக் கதையைப் படித்துக் காட்டினோம். ஹாஜியார் சிரித்துவிட்டு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய தராசும், எண்ணிட்ட மரத்துண்டுகளும் இருந்தன! ரொறன்ரோவும் திருகோணமலையும் ஒரே தராசில் நிற்பதைக் கண்டோம்.

முற்பணம் கொடுக்க முயன்றோம். வாங்க மறுத்துவிட்டார். எமக்காக ஓர் அடுக்கை ஒதுக்கி, அதில் எமது பெயரை மட்டும் எழுதி வைத்தார்.

நிற்க. இனிச் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று. ஐந்தாம் மாதம் மட்டக்களப்பிலிருந்து மனைவி திரும்பி வந்து, "கதவு இப்போது கையோடு வந்துவிட்டது" என்றார். அந்த வாரமே, இரவு ஒன்பது மணிக்கு, முன்பின் அறியாத ஒருவர் படலையில் நின்று கூப்பிட்டார். முதிரை மரம், முதிர்ந்த வைரம், பாதி விலை, நாளை இரவே லொறியில் இறக்கலாம் என்றார். பெர்மிட்டைப் பற்றிக் கேட்டோம். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். அன்பர்களே, நாம் சரி என்று சொல்லிவிட்டோம்.

முதிரை என்றால் ஆசை வராதா? பட்டுப்போல் ஒளிரும் மஞ்சள் மரம். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே, 200 அடிக்கு மேற்பட்ட ஒற்றை வளைவாக, அந்த மரத்தைக் கொண்டே பாலம் கட்டினார்கள். அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஆனால் முதிரை வளர்வது ஆமை நடை. கேட்டவருக்கெல்லாம் வெட்டிக்கொண்டே போனால் காடு மிஞ்சாது. அதனால்தான் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் தொடங்கி எத்தனையோ கட்டுப்பாடுகள். 1990இல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதே நிறுத்தப்பட்டது. இவற்றையெல்லாம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாயால்தான் நாம் சரி என்றோம்.

காலையில் ஓடாவியாரிடம் மகிழ்ச்சியோடு சொன்னோம். அவர் வெற்றிலையை மடித்தபடியே, "பெர்மிட் இல்லாத மரத்தில் என் உளி படாது ஐயா. லொறியைப் பிடித்தால் லொறிக்காரனுக்கு நட்டம். பிடிக்காவிட்டால் பிள்ளையின் அறையில் களவு மரம் நிற்கும். எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். எமக்கு மறுமொழி இல்லை. அன்றிரவு படலையில் கூப்பிட்டவருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும் என்ற பழமொழியை மனைவிக்கு எடுத்துச் சொன்னபோது, "அதை முதலிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார் அவர்.

பதினான்காம் மாதம் ஹாஜியார் சொல்லியனுப்பினார். மூன்று மாதமாக எடை அசையவில்லையாம். பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வெள்ளை தெரிந்த இரண்டைத் தாமே ஒதுக்கினார். இழுப்பறைகளின் முகப்புக்கு, பழைய வீடொன்றைப் பிரித்தபோது முறையாக எழுதி வாங்கி வைத்திருந்த முதிரை வளையிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். ஆசைப்பட்ட முதிரை, நேர்வழியிலும் எமக்குக் கிடைத்துவிட்டது! ஓடாவியார் சீவுளி போட்டபோது திண்ணையெங்கும் தேக்கெண்ணெய் மணந்தது. சாயம் பூச அவர் உடன்படவில்லை. மெழுகு மட்டும் தேய்த்தார்.

அலுமாரி, 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, மூதூர், வெருகல், வாகரை வழியாக லொறியில் மட்டக்களப்புப் போய்ச் சேர்ந்தது. மகள் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்து மூடினாள். ஒரு மாரி கழிந்து சென்றபோதும் அந்தக் கதவு அப்படியே மூடியது. கூறைச் சேலையைத் தடவிப் பார்த்தோம்; கையில் ஒரு தூசி இல்லை.

முன்பு ஒன்றும் பேசாமல் பொங்கல் பரிமாறிய சம்பந்தியம்மா, இம்முறை அலுமாரியின் பக்கத்தில் நின்று, "சின்னவளுக்கும் இப்படி ஒன்று வேண்டும். மரம் எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டார். நாம் ஒழுங்கையின் அடையாளத்தைச் சொல்லிவிட்டு, "ஆனால் அங்கே போனவுடன் மரம் இல்லை என்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும்" என்று எச்சரித்தோம்.

"அவள் இப்போதுதானே பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறாள்? இன்றைக்கே போய்ப் பெயரை எழுதிவையுங்கள்" என்றார் அவர்.