கோட்டையைச் சுற்றி எந்த மரம்?

1638 மே 18ஆம் திகதி மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கடல்வழியே ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பல்கள், தரைவழியே கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை. இந்த முற்றுகையை மேசையளவு டயோரமாவாகச் செய்பவர் பீரங்கிக்கும் உடுப்புக்கும் நூல் நூலாகத் தேடுவார். மரத்துக்கு மட்டும் இன்றைய ஊரைப் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடுவார். கோட்டைக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள களுதாவளையை அந்தக் கேள்வியோடு நடந்து பார்த்தேன். போதாது. இக்கரையில் சுனாமிக்குப் பிறகு நிறைய நட்ட சவுக்கு வேண்டாம். வேலிக் கிளிசரிடியா மத்திய அமெரிக்க மரம். மே மாதத்தில் சிவந்து பூத்து ஆசைகாட்டும் மயில்கொன்றை மடகஸ்காரிலிருந்து வந்தது; ஐரோப்பியத் தாவரவியலாளர் அதை அறிந்ததே 1820களில்தான். தென்னை பழையதுதான், ஆனால் வரிசை வரிசையான பெருந்தோப்பு ஆங்கிலேயர் காலத்துக் காட்சி. அதிலும் நிறைய மரங்களை 1978 சூறாவளி சாய்த்துவிட்டது. வெற்றிலைக் கொடி நிற்கலாம், பக்கத்துப் பாத்திக் கொச்சிக்காயைச் சேர்க்க நான் துணியமாட்டேன்.

அப்படியானால் இந்த ஊரைப் பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். மரம் மாறினாலும் மண் அவ்வளவாக மாறவில்லை. எந்த நிலத்தில் கொடி பிடிக்கும், எங்கே உப்புத் தண்ணீர் ஏறும் என்பது தோட்டக்காரருக்கு அன்றாடக் கணக்கு; மாதிரி செய்பவருக்கும் அதுவே வரைபடம். கடல்மணலில் தாழை, அடம்பன் கொடி, இராவணன் மீசை. வாவிக்கரையில் கண்டலும் தில்லையும். மேற்கே உலர்காட்டில் பாலை, வீரை, முதிரை. விரலளவு மரத்தில் இதையெல்லாம் யார் கவனிப்பார் என்பது அடுத்த கேள்வி. 72இல் ஒரு பங்கு அளவில் பதினெட்டு மீற்றர் தென்னை 25 சென்ரிமீற்றர் வரும், வீரன் இரண்டரைகூட இல்லை. அதனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் விழுவது மரத்தின் உருவம்தான். செப்புக்கம்பியை முறுக்கி அடிமரமும் கடதாசியைக் கீறி ஓலையும் செய்கிறவர், ஆளை மறைக்கிறதென்று மரத்தைக் குட்டையாக்குவதுதான் இந்தக் கைவேலையின் வழக்கமான ஏமாற்று. ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலின் செப்புத்தகட்டுப் படங்கள் சான்றாகாதா? சுவர்களுக்கு ஓரளவு ஆகும். மரத்துக்கு நான் நம்பமாட்டேன். செதுக்கியவர் இலங்கையைக் கண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை.

வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூப் போர்க்கள மாதிரியைச் செய்யப் புறப்பட்டபோது, அங்கே நினைவுச்சின்னமாகச் சிங்கமேடு கட்ட மண் அள்ளியதில் களமே உருமாறியிருந்தது. அவர் 1830இல் அங்கே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரிட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, வயலில் நின்ற பயிரையும் விசாரித்தார். நமக்குக் கடிதம் எழுத ஆளில்லை. ஆனால் முற்றுகையின் நியாயம் இருக்கிறது. பீரங்கி வைத்த கோட்டை தன் முன்னே மரத்தை வளரவிடாது. முற்றுகையிடுபவரும் காப்புக்கும் பாதைக்கும் வெட்டுவார். ஆகவே கோட்டை நிற்கும் புளியந்தீவில் சுவரையொட்டித் தோப்பு வைப்பதைவிட வெறும் மணலும் சில குற்றிகளும் வைப்பதே பொருந்தும். காட்சி அழகு குறையும் என்பார்கள்; குறையட்டும். கண்டல் அப்பால் கரையில் நிற்கட்டும். புல்லையும் பச்சையாக்க வேண்டாம், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாதக்கணக்கான மே அது.