கடை கட்டிய பிறகு

பூக்கடை போலீஸ் ஸ்டேஷன் பக்கம் வந்தாலே மணி எத்தனை என்று மூக்கே சொல்லிவிடும். காலையில் மல்லியும் மரிக்கொழுந்தும். உச்சிவெயிலில் அதே பூ காலடியில் நசுங்கி அழுகிய வாடை. பொழுது சாய்ந்தால் கோடவுன் தெருவிலிருந்து கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசம். அந்த மூன்றாவது வாசம் என் சட்டையிலும் இருந்தது. நீங்களும் அந்தப் பக்கம் வேலை பார்த்தவர் என்றால் உங்கள் சட்டையிலும் இருந்திருக்கும்.

1971இல் தெற்கே நாசரேத்திலிருந்து சென்னைக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு சிப்பம் கருப்பட்டியுமாக வந்து இறங்கினேன். மொத்த ஜவுளிக்கடையில் பேல் பிரித்து அடுக்குகிற வேலை. தங்கியது மண்ணடியில், நாலு பேர் படுக்கிற அறையில் ஐந்தாவது ஆளாக. இரவு எட்டரைக்குக் கடை கட்டுவோம். அறைக்கு ஒன்பதரைக்கு முன்னால் போக முடியாது. முந்தைய ஷிப்டுக்காரர் தூங்கி எழுந்திருக்க மாட்டார். நடுவில் கிடக்கிற ஒரு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பட்டணத்துக்கு வந்த புதிதில் எனக்குப் பசியைவிடப் பெரிய கவலை அதுதான்.

பூக்கடைப் பக்கத்து ஒய்.எம்.சி.ஏ. சங்கத்து மாடிப்படி எனக்கு அப்படித்தான் பழக்கம். அந்த இளஞ்சிவப்பு முகப்பைப் பார்த்து முதலில் ஏதோ சேட்டு சத்திரம் என்றுதான் நினைத்தேன். தூணும் வளைவும் ஜெயின் கோயில் சாயலில் இருக்கும். உள்ளே போனால் உயரமான கூரை, எப்போதும் ஒரு முனகலோடு சுற்றும் விசிறி, பழைய பேப்பரின் தூசி, போரிக் பவுடர் மணம். கேரம் போர்டைச் சுற்றி எட்டுப் பேர் நின்றிருப்பார்கள், ஆடுவது நாலு பேர். மண்ணடி மரக்கடைப் பாய் ஒருவர் இருந்தார். சிவப்புக் காயைக் குறி வைத்தால் சுற்றியிருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். நோன்பு மாசத்தில் மட்டும் வரமாட்டார். அந்த முப்பது நாளும் எங்களுக்கெல்லாம் ஜெயிக்க ஒரு வாய்ப்பு.

ஊருக்குக் கடிதம் எழுதியபோது ஆச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "அசரியா பேராயர் வேல பார்த்த சங்கம்லா அது" என்று அப்பாவை விட்டு எழுதச் சொன்னாள். வெள்ளாளன்விளை எங்களுக்குத் தூரமில்லை. 1895இல் அந்த ஊர்ப் பிள்ளை ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்துக்குப் போனதும், 1912இல் தோர்ணக்கல்லுக்குப் பேராயரானதும் ஆச்சிக்குத் தன் வீட்டு விசேஷம் போல. சேலத்து கே.டி. பால், 1916இல் அகில இந்தியச் சங்கத்துக்கே முதல் இந்தியப் பொதுச்செயலாளர் ஆனவர். அவர் பேரை ஆச்சி கேள்விப்பட்டதில்லை. அவளுக்கு நாசரேத்துக்கு வடக்கே எல்லாம் ஒரே வடக்குதான்.

எனக்கு உறைத்தது வேறு. வாசிப்பு அறையில் வயசான ஒரு குமாஸ்தா இருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது போய் நூல் கட்டியிருப்பார். ஒருநாள் என் சட்டையை மோந்துவிட்டுச் சிரித்தார். "ஜவுளிக்கடையா? அப்ப இது உன் வீடுதான்." 1844இல் லண்டனில் இந்தச் சங்கத்தை ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கடையிலேயே வேலை, கடை மாடியிலேயே படுக்கை, சாயங்காலம் போக்கிடமில்லாத பையன்கள். அவர்களைக் கூட்டிவைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தவர். சென்னைக்கு 1890இல் இதைக் கொண்டுவந்த மெக்கானகி பிலடெல்பியாவிலிருந்து வந்தவர். 1900இல் திறந்த இந்தக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்த ஜான் வானமேக்கரும் அதே ஊர். ஆயத்த ஆடை விற்றுப் பெரிய ஆளானவர். கல்கத்தா, சியோல், பீகிங் சங்கங்களுக்கும் அவர் காசில் கட்டடம் எழும்பியது. "சிப்பந்தி ஆரம்பிச்சான், முதலாளி கட்டினான், நீ உக்காந்திருக்கே" என்றார் குமாஸ்தா. கல்லாவில் இருந்த எங்கள் முதலாளியை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது.

கட்டடம் இனாமாக வந்தாலும் கூரை இனாமாக நிற்காது. இதையும் அவர்தான் சொன்னார். ஐப்பசி மழையில் மாடி ஓரமாக ஒழுகும்; வாட்ச்மேன் அண்ணன் மூன்று பக்கெட்டுகளை வரிசையாக வைப்பார். டக், டிக், டொக் என்று மூன்றும் மூன்று சுரத்தில் விழும். ஹாலை வாடகைக்கு விட்டு வரும் காசு ஓட்டுக்கும் வேண்டும், கேரம் காய்க்கும் வேண்டும், பேப்பருக்கும் வேண்டும். யாருடைய சொத்தும் இல்லை, எல்லாப் பையன்களுடைய சொத்தும் என்றால் அதைக் காப்பாற்றுவது குடும்பச் சொத்தைவிடச் சிரமம். நந்தனத்தில் மைதானத்தைப் புத்தகக் காட்சிக்கு விடுகிறார்களே, அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த பக்கெட்டுகள்தான் ஞாபகம் வரும்.

வாரா வாரம் பட்டிமன்றம் கூடும். திருநீறு பூசியவரும், சிலுவை போட்டவரும், சாமியே இல்லை என்பவரும் ஒரே பெஞ்சில். கம்பனுக்குப் பரிந்து பேசியவரை இளங்கோவுக்காக ஒருவர் அடித்து நொறுக்குவார். இறங்கிப் போய் இருவரும் ஒரே டீயை டம்ளர் மாற்றிக் குடிப்பார்கள். தமிழில் ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த பெஞ்சில்.

டிசம்பர் பிறந்தால் மாடியில் பாட்டுப் பயிற்சி. எங்கள் தெக்கத்திக் குரலுக்கு ஆர்மோனியக்காரர் எத்தனை தடவை கட்டையைக் குறைத்திருப்பார்! முடிந்து வராந்தாவுக்கு வந்தால் பனி. எதிரே ஹைகோர்ட் உச்சியில் கலங்கரை விளக்கு விட்டு விட்டு மின்னும். கப்பலுக்கான வெளிச்சம்தான். எங்களுக்கு அது மணிக்கணக்கு. அறைக்குக் கிளம்பலாம் என்று சொல்லும் சைகை. 1977இல் விளக்கை மெரினாவுக்குக் கொண்டுபோனார்கள். அதே வருஷம் எனக்குக் கல்யாணம், குரோம்பேட்டையில் ஜாகை. மின்சார ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் மாடி ஏறுவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். முகப்பு அப்படியே இருக்கிறது. நான்தான் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினேன். பாயும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை, வாட்ச்மேன் அண்ணன் ஊர்ப்பக்கம் போய்க் காலமானது முன்பே தெரியும். கோடவுன் தெருவில் இப்போதும் பையன்கள் பேல் பிரிக்கிறார்கள். பீகார்ப் பேச்சு கேட்டது. எட்டரைக்கு மேல் எங்கே போவார்கள் என்று கேட்க எனக்கு இந்தி வரவில்லை.

உறுப்பினர் அட்டை ஒன்று வைத்திருந்தேன், கையெழுத்து மங்கிய பழுப்பு அட்டை. டிரங்குப் பெட்டியோடு கரையான் தின்றுவிட்டது. உங்களிடம் ஒன்று இருந்தால், வீடு வெள்ளையடிக்கும்போது எறிந்துவிடாதீர்கள்.