பெயரில்லாக் கப்பலொன்றின் சேவை வரலாறு

யுத்த சரித்திரங்களை வாசிக்குமிடத்து, சேனாதிபதிகளின் பெயர்களும் பெரும் போர்க்கப்பல்களின் பெயர்களுமே நம் நினைவில் முதலில் நிலைக்கின்றன. அவர்களுக்கு வேண்டிய ஆளையும் ஆயுதத்தையும் உணவையும் சுமந்து சென்ற கலங்களை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அத்தகைய கலங்களுள் ஒன்றன் வரலாறு சில காலமாக நம் உள்ளத்தைக் கவர்ந்து நிற்கின்றது. அதனை இம்மலர் வாயிலாக நம் கல்லூரி அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். அக்கப்பலுக்குப் பெயர் இல்லை. எண் மாத்திரமே உண்டு. எல்.எஸ்.ரி. 325 என்பது அது.

1940 ஆம் ஆண்டு டன்கேர்க்கிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியப் படை, தன் யுத்தத் தாங்கிகளையும் பீரங்கிகளையும் கரையிலே கைவிட்டு வந்தது. ஐரோப்பாவுக்கு மீண்டுஞ் செல்வதாயின், துறைமுகம் இல்லாத வெறுங்கடற்கரையில் தாங்கிகளை இறக்கவல்ல கப்பல் வேண்டும். இதனைச் சேர்ச்சில் இடைவிடாது வற்புறுத்தினார். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியில் ஓடிய, ஆழங்குறைந்த எண்ணெய்க் கப்பல்கள் மூன்று முதலில் இதற்கென மாற்றியமைக்கப்பட்டன. எனினும் பிரச்சினை தீரவில்லை. பெருங்கடலைக் கடக்கும் கப்பல் நீரில் ஆழ்ந்து நிற்றல் வேண்டும். கரையேறும் கப்பலோ மேலெழுந்து மிதத்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு குணங்களையும் ஒரே கலத்தில் எவ்வாறு பொருத்துவது?

1941 நவம்பரில் ஜோன் நீடர்மயர் என்னும் அமெரிக்கக் கப்பற் சிற்பி, சில மணி நேரத்தில் வரைந்த படமொன்றினால் இதற்கு விடை கண்டார். கப்பலின் அடியில் நீர்த்தொட்டிகள் அமைக்கப்பட்டன. ஆழ்கடலில் அவற்றை நீரால் நிரப்பினால் கப்பல் தாழும். கரையை நெருங்குகையில் நீரை வெளியேற்றினால் உயரும். கரை தட்டுமுன் பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் இறக்கிவிடுவர். முன்புறத்து இரு கதவுகளும் திறக்க, சாய்தளம் கீழிறங்கும்; தாங்கிகள் தாமே உருண்டு கரை சேரும். பின்னர் அந்நங்கூர வடத்தைச் சுற்றியிழுத்தே கப்பல் மீண்டுங் கடல் புகும். தேருக்குக் கடலும் நாவாய்க்கு நிலமும் ஏற்ற இடமல்ல என வள்ளுவர் இடனறிதலில் உணர்த்தினார். இந்நாவாய் நிலத்தில் ஓடாவிடினும், நிலத்தில் ஏறி நின்று வாய் திறக்கக் கற்றுக்கொண்டது.

இவ்வகைக் கப்பல் 328 அடி நீளமும் 50 அடி அகலமும் உடையது. அடிப்பாகம் தட்டையானமையால் சிறு அலைக்கும் பெரிதும் உருளும், வேகமும் குறைவு. எல்.எஸ்.ரி. என்னும் மூன்றெழுத்துக்கும், ‘பெரிய, மந்தமான குறியிலக்கு’ என்று மாலுமிகள் வேடிக்கையாக விரிவுரை கூறினர். யுத்தகாலத்தில் அமெரிக்கா இவற்றுள் 1,051 ஐக் கட்டியது. கடலைக் காணாத உள்நாட்டு ஊர்களிலும் இவை கட்டப்பட்டு, ஆறுகளின் வழியே கடலுக்கு அனுப்பப்பட்டன. ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள எவன்ஸ்வில் நகரில் மாத்திரம் 167 கப்பல்கள் உருவாகின.

நம் 325 பிலடெல்பியாவிற் கட்டப்பெற்று, 1943 பெப்புருவரி 1 ஆந் தேதி சேவையிற் சேர்ந்தது. அவ்வாண்டு யூலையில் சிசிலியிலும், செப்டெம்பரில் சலேர்னோவிலும் படையிறக்கத்தில் ஈடுபட்டது. 1944 யூன் மாதம் நோர்மண்டியின் ஒமாகாக் கரையை அடைந்தது. தாங்கிகளை இறக்கிய தளத்திலேயே காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு திரும்பியது. முதன்முறை அவ்வாறு இங்கிலாந்து சேர்ந்தோர் 38 பேர். பின் வந்த மாதங்களில் நாற்பது முறைக்கு மேல் கால்வாயைக் கடந்து மீண்டது. 1944 டிசெம்பர் 28 இல், பிரான்சியக் கரைக்கப்பால் குண்டு தாக்கிய ‘எம்பயர் ஜவலின்’ என்னும் படைக்கப்பலிலிருந்து ஏறத்தாழ 700 பேரைக் காப்பாற்றுவதற்கு உதவியது.

இக்கப்பல்களின் அருமை நம் நாட்டிலும் உணரப்பட்டதொன்றே. தென்கிழக்காசியப் படைகளின் தலைவராயிருந்த மவுண்ட்பேற்றன் பிரபு, அந்தமான் தீவுகளைக் கைப்பற்ற வகுத்த திட்டம் 1943 டிசெம்பரில் கைவிடப்பட்டது. படையிறக்கும் கலங்கள் ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தமையே காரணம். 1944 ஏப்பிரலில் கண்டியில் அவர் தலைமையகம் அமைத்தபொழுதும் அக்குறை நீங்கவில்லை. எத்துணைச் சிறந்த திட்டமும் சுமப்பவர் இன்றி நடவாது.

யுத்தம் முடிந்தபின், 1950 களில், இக்கப்பல் கனடாவின் கிழக்குக் கரையிலும் கிறீன்லாந்தின் மேற்குக் கரையிலும் றேடார் நிலையங்கள் அமைக்கப் பொருள் சுமந்தது. 1964 இல் கிறீஸ் தேசத்துக்கு வழங்கப்பட்டு, ‘சீரோஸ்’ என்னும் பெயரைப் பெற்று, 1999 வரை உழைத்தது. இனி உடைத்து இரும்பாக விற்கப்படுவதே இதன் விதியென எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அவ்வாறு நிகழவில்லை. இத்தகைய கப்பல்களில் இளமையிற் பணியாற்றிய அமெரிக்க முதியோர் சிலர், 2000 ஆம் ஆண்டில் கிறேற்றா தீவுக்குச் சென்றனர். அவர்கள் முப்பது பேருக்கும் குறைந்தவர். சராசரி வயது 72. வேதனம் பெறாத தொண்டர்கள். துருப்பிடித்த இயந்திரங்களைத் தம் கையாலேயே செப்பனிட்டு, நவம்பரிற் புறப்பட்டு, மாரிகாலத்து அத்திலாந்திக்கைக் கடந்து, 6,000 மைலுக்கு மேல் ஓட்டி, 2001 சனவரி 10 இல் அலபாமா மாநிலத்து மொபீல் துறையை அடைந்தனர். 2005 முதல் எவன்ஸ்வில் நகரில் அக்கப்பல் காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

யுத்தத்தை நாம் போற்றுபவரல்லேம். இக்கப்பல் கரை சேர்த்த இளைஞருட் பலர் திரும்பி வந்திலர் என்பதும், அது இறக்கிய தாங்கிகள் பிறர் மக்களைக் கொன்றன என்பதும் மறக்கற்பாலன அல்ல. அங்ஙனமாயின் அதனைப் பேணுதல் எற்றுக்கு என்று வினவுவோருக்கு நாம் கூறும் விடை ஒன்றே. சுமந்தவரின் உழைப்பு நினைவுகூரப்படாதவிடத்து, யுத்தம் வென்றவரின் பெருமையாக மாத்திரமே எஞ்சி நிற்கும். அதன் பாரம் மறைந்து போகும். காயமுற்றோர் கிடந்த தளத்தில் இன்று நடந்து செல்லும் ஒரு சிறுவன், நூல் உணர்த்தாத ஒன்றை உணரக்கூடும். அம்முதியோர் மீட்டுவந்தது வெற்றியின் சின்னத்தை அன்று. தம்மோடு சுமந்து, தமக்கு முன்னே மறைந்த தோழரின் நினைவையே என்க.