எங்கே பயில்வது?

பள்ளியில் நாம் எவற்றைப் பயில வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிறரே முடிவு செய்கின்றனர். பட்டம் பெற்ற பின்னும் பயில விரும்புவோர், தமக்குரிய துறையையும் இடத்தையும் தாமே தேர்ந்துகொள்ளல் வேண்டும். அத்தேர்வு எளிதன்று. இசைத்துறையில் அஃது இன்னும் அரிது. இசை ஏட்டில் மட்டும் அடங்குவதன்று. செவியிலும் மிடற்றிலும் விரலிலும் வாழ்வது.

என் தமக்கை மகள் இசையில் இளங்கலைப் பட்டம் பெற்றவள். முதுகலைப் படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடங்களில் இடம் கிடைத்தது. ஒன்று பெருநகரில் உள்ள புகழ் மிக்க நிறுவனம். மற்றொன்று சிற்றூர் ஒன்றை அடுத்த எளிய துறை. அவள் தந்தையார் சிறிய துணிக்கடை நடத்துபவர். "இரண்டு ஆண்டுச் செலவை எப்படியேனும் தாங்கிக்கொள்வேன். படிப்பு முடிந்ததும் இவளுக்கு ஒரு வேலை கிடைக்குமா?" என்று அவர் என்னைக் கேட்டார். அக்கேள்வியை நான் சிறிதென்று எண்ணவில்லை. அவளுக்குப் பின் படிக்க வேண்டிய தங்கையர் இருவர் இருந்தனர்.

"மாமா, நான் எங்கே சேரலாம்?" என்று அவள் கேட்டாள்.

"எங்கே என்பதைப் பிறகு பார்ப்போம், அம்மா. எதற்காக என்பதை முதலில் சொல்" என்றேன்.

இசையை மேலும் பயில்வோரின் நோக்கம் பெரும்பாலும் மூவகைப்படும். அரங்கில் பாடவோ கருவி இசைக்கவோ விரும்புவோர் ஒரு வகையினர். அவர்களுக்கு வேண்டுவன, அருகிருந்து பிழை திருத்தும் ஆசானும் நாள்தோறும் நீண்ட பயிற்சியும் ஆகும். இசையாசிரியர் ஆக விரும்புவோர்க்குக் கற்பிக்கும் முறையும், பணிக்கு உரிய பட்டமும் வேண்டும். ஆராய்ச்சியை நாடுவோர்க்கு நல்ல நூலகமும், பழைய ஒலிப்பதிவுகளும், வழிகாட்டும் அறிஞரும் இன்றியமையாதன. இவையெல்லாம் ஓரிடத்திலேயே நிறைவாகக் கிடைத்தல் அரிது.

நம் நாட்டு இசை நிறுவனங்களும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவை அல்ல. 1949-ஆம் ஆண்டில் சென்னையில் அரசினர் கருநாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது, பாடகராகப் பெரும்புகழ் பெற்றிருந்த முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் தலைவராக அமர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ, பேராசிரியர் சாம்பமூர்த்தி இசையின் இலக்கணத்தையும் வரலாற்றையும் ஆராய்ந்து பல நூல்கள் எழுதினார். இவ்விரண்டும் இசைப்பணிகளே, எனினும் வழிகள் வேறு.

என் வினாவுக்கு அவள் மூன்று நாள் கழித்தே விடை கூறினாள். எங்கள் ஊர்க் கோயில் ஓதுவாரிடம் அவள் சிறு வயதிலிருந்தே தேவாரம் பயின்று வருகிறாள். செவ்வழி என்னும் பண்ணை அவர் எதுகுலகாம்போதி இராகத்தில் பாடுவார். புறநீர்மையைப் பூபாளத்தில் பாடுவார். "பழைய பண் எப்போது இந்த இராகம் ஆயிற்று, ஐயா?" என்று அவள் ஒருநாள் அவரைக் கேட்டாளாம். "என் ஆசிரியர் இவ்வாறு பாடினார், நானும் பாடுகிறேன். அதற்கு மேல் நான் அறியேன், அம்மா" என்று அவர் விடையளித்தாராம். "எனக்கு அதை அறிய வேண்டும், மாமா" என்றாள் அவள்.

அத்தகைய வேட்கை உடையோர்க்கு முன்னோர் வழி உண்டு. ஈழத்தில் பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியல் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றவர். அவ்விரு கல்வியும் கூடியதனாலேயே, சிலப்பதிகாரம் கூறும் இசையை நுணுகி ஆராய்ந்து, 1947-இல் யாழ் நூலை வெளியிட முடிந்தது. சிதம்பரத்தில் இசை பயின்ற எஸ். இராமநாதன் அரங்கில் பாடியும், மாணவர்க்குக் கற்பித்தும் வந்தவர். அவர் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பாடும் மிடறும் ஆராயும் அறிவும் ஒருவரிடத்தே கூடும் என்பதற்கு அவர் சான்று.

அவள் இரு நிறுவனங்களுக்கும் நேரில் சென்று வந்தாள். எனக்குக் கற்பிப்பவர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் பாடுவேன், முன்னைய மாணவர்களின் ஆய்வேடுகளைக் காணலாமா என்னும் மூன்று வினாக்களை இரண்டு இடத்தும் கேட்டாள். பெருநகரில் அழகிய அரங்கு இருந்தது. தேர்ந்த பாடகர்கள் இருந்தனர். ஆனால் பண் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் எவரும் அப்போது இல்லை. எளிய துறையிலோ பேராசிரியர் ஒருவர் அவளைப் பாடச் செய்து அரைமணி நேரம் கேட்டார். பின், "வேலைக்கு நான் உறுதி கூற இயலாது, அம்மா. முதுகலை முடித்தால் கல்லூரி ஆசிரியப் பணிக்கான தகுதித் தேர்வை எழுதலாம். படிப்பைக் குறைவின்றித் தருவேன்" என்று ஒளிக்காமல் உரைத்தார். அச்சொல்லைக் கேட்டபின் அவள் தந்தையாரும் இசைந்தார்.

இப்போது அவள் அங்கேயே பயில்கிறாள். விடுமுறைதோறும் ஊருக்கு வந்து, எண்பது வயதைக் கடந்த ஓதுவாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்கிறாள். அவருக்குப் பின் அவற்றை அவ்வாறு பாடுவார் எங்கள் ஊரில் வேறு எவரும் இலர்.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் மேற்படிப்புக்கு இடம் தேடுவீர்கள். அப்போது நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். நீங்கள் அறிய விரும்புவது யாது என்பதை முதலில் தெளியுங்கள். அதனை அங்கே கற்பிப்பவர் யார் என்று கேளுங்கள். குடும்பத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இம்மூன்றையும் சீர்தூக்கியபின் எடுக்கும் முடிவே உங்களுக்கு உரியது.