உப்புக்கொத்தி தேடுவோர்

கடற்கரை மணலில் ஓடித் திரியும் சிறு பறவை ஒன்று, புதுவை நகரின் பழைய செய்தியொன்றைத் தன் பெயரிலே சுமந்துகொண்டிருக்கின்றது. லெஷனோ தெ லா தூர் என்னும் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் 1816ஆம் ஆண்டில் புதுவைக்கு வந்தார். செடிகொடிகளை ஆராய்வதே அவர்தம் தொழில். எனினும் பறவைகளையும் அவர் விட்டாரல்லர். புதுவையிற் கிடைத்த பறவையினம் ஒன்றை லெஸோன் என்பார் 1826இல் ஆராய்ந்து எழுதி, அதற்கு லெஷனோவின் பெயரையே சூட்டினார். லெஷனோ உலகவாழ்வை நீத்ததும் அவ்வாண்டிலேதான். அப்பறவையே பெரிய மணல் உப்புக்கொத்தி. அவ்வினம் முதன்முதல் அறியப்பட்ட இடமாகப் பறவை நூல்கள் இன்றும் புதுவையையே குறிக்கின்றன.

ஆயினும் அது புதுவையிற் பிறக்கும் பறவையன்று. துருக்கி முதல் மங்கோலியா வரை பரந்து கிடக்கும் வறண்ட வெளிகளிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. அங்கே கோடை கழியத் தொடங்கியதும் தென்திசைக் கடற்கரைகளை நாடிப் புறப்படும். ஆடி ஆவணியிலேயே முதற்கூட்டங்கள் இந்தியக் கரையை அடைந்துவிடும். கரைப்பறவைகள் பலவற்றில், முதிர்ந்தவை முன்னே வந்துவிட, அவ்வாண்டிற் பிறந்த இளம்பறவைகள் பின்னர்த் தனியே வருகின்றன. வழிகாட்டத் தாயில்லை, தந்தையில்லை. ஒருமுறையேனும் கண்டிராத கடலை நோக்கி அவை பறக்கும் துணிவை என்னென்பது!

பறவைகளின் இப்போக்குவரவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. குமரியில் நீராடி வடக்கே மீளும் நாரையைத் தம் மனைவிபால் தூதுவிட்டவர் சத்திமுத்தப் புலவர். அந்நாரையின் அலகுக்கு அவர் பனங்கிழங்கை உவமை காட்டினார். அலகைக் கூர்ந்து நோக்காதவர்க்கு அவ்வுவமை வாய்த்திராது. உப்புக்கொத்தி தேடுவோர்க்கும் அலகை நோக்குவதே முதற்பாடம்.

புதுவைக்கு மேற்கே உள்ள ஊசுட்டேரியில் அத்துணை இடர்ப்பாடில்லை. அதன் புதுவைப் பகுதி 2008இலும், தமிழகப் பகுதி 2014இலும் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. அங்கே நாமக்கோழியையும் ஊசிவால் வாத்தையும் தொடக்க நிலையினரும் இனங்கண்டுகொள்வர். நகருக்குத் தெற்கே, சுண்ணாம்பாறு கடலோடு கலக்குமிடத்திலேதான் பொறுமை சோதிக்கப்படுகின்றது.

விடியுமுன்னரே தொலைநோக்கியும் குறிப்பேடுமாக அங்கே வந்து நிற்போர் உளர். ஓதம் வற்றிய சேற்றிலே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை தேடும். சிறிய மணல் உப்புக்கொத்தி, பெரிய மணல் உப்புக்கொத்தி இரண்டும் இக்காலத்தில் ஒரே சாம்பற்பழுப்பு ஆடையில் இருக்கும். நீளத்தில் வேறுபாடு மூன்று சென்டிமீட்டர் அளவே. பெரியதற்கு அலகு நீண்டு பருத்திருக்கும். கால்கள் உயர்ந்து சற்றே மஞ்சளோடியிருக்கும். சிறியதற்கு அலகு குறுகியும் கால்கள் கருத்தும் தோன்றும். ஏட்டிற் படிக்க இஃது எளிதே. கானல் நெளியும் மணலில், நூறு அடி தொலைவில், ஓடுவதும் நிற்பதுமாயுள்ள பறவையிடம் காண்பதோ வேறு. போதாக்குறைக்கு, அறிஞர்கள் அண்மையிற் சிறியதையே இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டனர். தேடுவோர் பாடு இன்னும் வருத்தமாயிற்று!

"ஐயா, பெரியதுதான்! கண்டுவிட்டேன்!" என்று இளைஞன் ஒருவன் துள்ளுவான்.

"காலைப் பார்த்தாயா, தம்பி?"

"சேறு படிந்திருக்கிறது, ஐயா."

"அலகின் நீளத்தைக் கண்ணின் பின்விளிம்போடு ஒப்பிட்டாயா?"

இளைஞன் மீண்டும் கண்ணைத் தொலைநோக்கியில் வைப்பதற்குள் பறவை பறந்துவிடும். அரியதைக் கண்டதாக எழுதினால் நால்வர் பாராட்டுவர், மறுப்பாரும் இலர். ஆனால் அப்பதிவு அவனோடு முடிவதன்று. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்டு பட்டியலில் உலகெங்கணும் உள்ளோர் தாம் கண்டவற்றைச் சேர்க்கின்றனர். எந்தப் பறவை எங்கே குறைகின்றது, எந்தக் கரையைக் காக்க வேண்டும் என்பதை ஆய்வோர் அதனைக் கொண்டே கணிக்கின்றனர். ஆசையால் எழுதிய ஒரு வரி அக்கணக்கிலே பொய்யாய்க் கலந்துவிடும். 'சிறியதோ பெரியதோ தெளியவில்லை' எனப் பதியவும் அப்பட்டியலில் இடம் உண்டு. அவ்வரியை எழுதக் கை கூசாதவனையே மூத்தோர் நம்புகின்றனர்.

படம் எடுக்கும் வேட்கையால் கூட்டத்தை நெருங்கி நெருங்கி விரட்டுவோரும் இல்லாமலில்லை. நாய்களை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்போர் செயல் அதனினும் கொடிது. வந்த களைப்பு நீங்கவும், திரும்பிச் செல்ல உடலிற் கொழுப்புச் சேரவும், பறவை உண்ண வேண்டும், ஓய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வெருண்டு எழும்போதும் சேர்த்த கொழுப்பிற் சிறிது வீணாகின்றது. ஆதலின் பழகியவர் தொலைவிலேயே மணலில் அமர்ந்துவிடுவர். பறவைகள் இரை தேடிக்கொண்டே தாமாக அருகில் வருவதும் உண்டு.

ஐப்பசியில் மழை இறங்கியதும் ஆற்று வெள்ளம் கழிமுகத்தின் வடிவையே மாற்றிவிடும். நேற்றிருந்த மணல்திட்டு இன்றிராது. தேடுவோர் புதுத்திட்டு நாடிச் செல்வர். பங்குனியில் உப்புக்கொத்திகளின் மார்பில் செம்பழுப்பு நிறம் ஏறத் தொடங்கும். அந்நிறம் முற்றுமுன்னரே பல வடக்கு நோக்கிப் போய்விடும். எஞ்சி நிற்கும் சிலவற்றைக் காணவே, ஐயத்தோடு விட்ட பக்கத்தைக் குறிப்பேட்டில் மடித்து வைத்த இளைஞன், வெயிலையும் பாராமல் சுண்ணாம்பாற்றுக்கு மீண்டும் வருகின்றான்.