பஸ் வேகத்துக்கு டிரைவரை மட்டும் திட்டினால் போதுமா?

1/ காரைக்காலில் இருந்து தரங்கம்பாடி போகும் ரோட்டில் கோட்டுச்சேரிக்கு அடுத்து வரிச்சிக்குடி. ரோட்டை ஒட்டியே வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாப். சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும், சென்னை வரை போகும் பஸ்ஸுக்கும் அதே ரோடுதான். இந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசினால் ஒரு புகார் தவறாமல் வரும்: "பஸ்காரங்க பறக்குறாங்க டாக்டர்." அதைப் பத்தி ஒரு நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ பஸ் விபத்துன்னா நமக்கு நேருக்கு நேர் மோதல்தான் நினைவுக்கு வரும். 2023 ஜூனில் கடலூர் மாவட்டம் மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் மோதியதே, அந்த மாதிரி. ஆனால் மருத்துவர்கள் சாதாரணமாகப் பார்க்கும் கேஸ் வேற. கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த வயசான அம்மா. "ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டுச்சு டாக்டர். அதிலேருந்து நிமிர முடியல."

3/ என்ன நடக்குது? பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டில்தான் குலுக்கல் அதிகம். மேலே போன உடம்பு திரும்ப சீட்டில் விழும்போது மொத்த அதிர்ச்சியும் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் இறங்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு பலம் குறைஞ்சிருக்கும். முள்ளெலும்பு அப்படியே நசுங்கிடும். வாரக்கணக்கில் படுக்கை, மாதக்கணக்கில் வலி. நரம்பும் அழுந்தினால் கால் செயலிழக்கவும் கூடும்.

4/ 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறப்புகளில் பத்தில் ஏழு அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்லுது. அந்த அம்மா மாதிரி ஆட்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரவே மாட்டாங்க. பஸ் நிக்கல, யாரும் புகார் கொடுக்கல, எஃப்ஐஆர் இல்லை.

5/ வேகத்தோட கணக்கு கொஞ்சம் பார்ப்போம். 50 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் முன்னால் ஒரு பிள்ளை குறுக்கே வருது. டிரைவர் சுதாரிக்க ஒரு விநாடி, அப்புறம் பிரேக். பஸ் சுமார் 33 மீட்டரில் நிக்கும். அதே பஸ் 80-இல் வந்திருந்தால்? அந்த 33-வது மீட்டரில் இன்னும் 70 கி.மீ. வேகத்தில் இருக்கும். முன்னதில் பிள்ளை பயந்து அழும். பின்னதில் பெரும்பாலும் எங்களுக்கு வேலையே இருக்காது.

6/ "வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கே"ன்னு கேப்பீங்க. 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான பஸ்களில் அது கட்டாயம்தான். ஆனால் அது தடுப்பது 80-க்கு மேல் போவதை. ஊருக்குள்ள 80 என்பதே கொலை வேகம்.

7/ சரி, ஏன் பறக்குறாங்க? 15 கி.மீ. தூரத்தை சராசரி 50-இல் ஓட்டினால் 18 நிமிஷம். 60-இல் ஓட்டினால் 15. மிச்சம் மூணே நிமிஷம். உங்களுக்கும் எனக்கும் அது ஒண்ணுமில்லை. ஆனால் அடுத்த ஸ்டாப்பில் நிக்கிற கூட்டம் முதலில் வரும் பஸ்ஸில்தான் ஏறும். பல பஸ்களில் டிரைவர், கண்டக்டர் படி வசூலைப் பொறுத்தது. மூணு நிமிஷம் என்பது அவங்க வீட்டு அரிசி.

8/ அதுக்காக டிரைவர் செய்வது நியாயம்னு சொல்ல வரல. ஆனால் டிரைவருக்கு அபராதம் போட்டுட்டு அதே நேரப் பட்டியலில், அதே வசூல் படியில் மறுநாளும் ஓட்டவிட்டால் என்ன மாறும்?

9/ நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 183. அதிவேகமா ஓட்டுபவருக்கு மட்டும் இல்லை, தன்னிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்ட வைப்பவருக்கும் தண்டனை உண்டு. ஒரு தூரத்தை வேக வரம்பை மீறாமல் கடக்கவே முடியாதபடி நேரம் நிர்ணயிச்சால், அந்த நேரப் பட்டியலையே, அதை வெளியிட்டவர் குற்றம் செய்ததற்கான முதல்நிலை ஆதாரமா நீதிமன்றம் எடுத்துக்கலாம். சட்டம் ரொம்பத் தெளிவு. பிடிபடுறது மட்டும் எப்பவும் ஸ்டியரிங் பிடிச்ச கை.

10/ எங்க பகுதிக்கு இன்னொரு சிக்கல். நாகப்பட்டினத்தில் கிளம்பும் பஸ் வாஞ்சூரில் புதுச்சேரி எல்லைக்குள் வரும். காரைக்கால், வரிச்சிக்குடி தாண்டி, பூவத்துக்கு அப்பால் திரும்பவும் தமிழ்நாடு. ஒரே பஸ், மூணு மாவட்டம், ரெண்டு அரசாங்கம். யாரிடம் புகார் செய்யன்னு ஜனங்க முழிக்கிறதுக்குள்ள பஸ் எல்லை தாண்டிடும். ரெண்டு பக்கத்து போக்குவரத்துத் துறையும் ஒண்ணா உட்கார்ந்து நேரப் பட்டியலைப் பார்க்காமல், ஒரு பக்கம் மட்டும் ரோட்டில் நின்னு மடக்கிப் பயன் குறைவு.

11/ "நாம சொல்லி நடக்குமா?" கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017 தீர்ப்பு மாவட்டம்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேணும்னு சொன்னது. ஒரு மருத்துவர் போட்ட மனு அது.

12/ நீங்க செய்யக்கூடியது:
பஸ் நம்பர், உங்க ஸ்டாப்பைக் கடந்த நேரம், அடுத்த ஊரைக் கடந்த நேரம். ஒரு வாரம் குறிச்சு வைங்க.
அந்த பஸ்ஸுக்கு பெர்மிட்டில் கொடுத்த நேரப் பட்டியலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும்.
ரெண்டையும் சேர்த்து கலெக்டரிடம் மனு. பட்டியலே தப்புன்னா கொடுத்தவர் பதில் சொல்லணும். பட்டியல் சரி, பஸ்தான் பறக்குதுன்னா முதலாளியும் டிரைவரும் பதில் சொல்லணும்.

13/ அதுவரைக்கும்: வயசானவங்களை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்டில் உட்கார வைங்க, கடைசி சீட் வேண்டாம். குலுக்கலுக்குப் பிறகு முதுகு வலி விடலைன்னா எண்ணெய் தேய்ச்சு நீவ வேண்டாம், எக்ஸ்ரே எடுங்க. எப்படி வலி வந்ததுன்னு டாக்டரிடம் சொல்லி, சீட்டில் பஸ் நம்பரோட எழுதச் சொல்லுங்க. எழுதி வெச்சாதான் அது விபத்து. இல்லைன்னா வெறும் முதுகு வலி.